ஏற்றத்துக்கு 155-ல எத்தனை கிராம் ரோலர்?

பீடோர்_155
மார்ச் 2, இரவு 9.14

யமஹா என்மேக்ஸ் 155 ஸ்கூட்டர், முதல் மாடல். ரோலர் (முன் புல்லி வேரியேட்டருக்குள்ள உருள்ற எடை) கம்பெனியோட 13 கிராம். தாப்பா பக்கம் தோட்டத்து லயங்களுக்குச் சாமான் ஏத்திப் போற வண்டி. பின்னால ஒரு ஆள், ராக்ல 30 கிலோ. செம்மண் ஏற்றத்துல பாதி தூரம் போனதும் இழுவை செத்துடுது. திராட்டலை முழுசா முறுக்கினாலும் சத்தம்தான் கனக்குது, வேகம் ஏறல. கடையில 9 கிராம் போடச் சொல்றாங்க. வீடியோல பனிவண்டிக்காரங்க (ஸ்னோமொபைல் ஓட்டறவங்க) கிளட்ச் வெயிட்டை அரை அரை கிராமா மாத்திக் கணக்குப் போடுறாங்க. அந்தக் கணக்கு நம்ம ஸ்கூட்டருக்கு ஒத்து வருமா அண்ணே?

பழைய_ஈகோ
மார்ச் 2, இரவு 9.31

கப்சாய் (கியர் மாத்தற சின்ன மோட்டார் சைக்கிள்) வாங்கு. ஒண்ணாம் கியர், ஏறிடும். இழை முடிஞ்சது.

மூணாங்கட்டை
மார்ச் 2, இரவு 10.05

ஒத்து வரும், ஆனா அப்படியே இல்ல தம்பி.

பனிவண்டியில முன் புல்லிதான் கிளட்ச். ஐட்லிங்ல பெல்ட் பிடி இல்லாம சும்மா கிடக்கும். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்தற சுத்து) ஏறினதும் எடை மாட்டின மூணு கை வெளியே விரிஞ்சு தட்டைத் தள்ளும், அப்பதான் பெல்ட்டைக் கவ்வும். அதனால முன் ஸ்பிரிங்கை மாத்தினா வண்டி எந்த ஆர்பிஎம்ல நகரும்ங்கறதே மாறிடும். நம்ம ஸ்கூட்டர்ல முன்னால ஸ்பிரிங்கே கிடையாது. பெல்ட் எப்பவும் இறுக்கமாத்தான் இருக்கும். வண்டி நகர்றது பின் பக்கத்து கிளட்ச் ஷூவோட வேலை, அதுல இருக்கற மூணு சின்ன ஸ்பிரிங்தான் எப்ப பிடிக்கணும்னு சொல்லும். ரோலருக்கு இதுல பங்கே இல்ல.

ரோலர் செய்யறது ஒண்ணே ஒண்ணு: முழு திராட்டல்ல எஞ்சின் எந்த ஆர்பிஎம்ல நின்னு இழுக்கும்ங்கறது. எடை குறைஞ்சா அந்த ஆர்பிஎம் மேலே போகும், கூடினா கீழே வரும். இதுல பனிவண்டியும் நம்ம வண்டியும் ஒரே சாதிதான்.

அதனால 9-ஆ 11-ஆன்னு கிராமைக் கேக்காதே. உன் வண்டி இப்ப ஏற்றத்துல எத்தனை ஆர்பிஎம்ல நிக்குது? அதைச் சொல்லு.

பீடோர்_155
மார்ச் 2, இரவு 10.12

மீட்டர்ல ஆர்பிஎம் காட்டாதே அண்ணே.

மூணாங்கட்டை
மார்ச் 3, காலை 7.20

பிளக் வயர்ல சுத்தி மாட்டற சின்ன டேக்கோமீட்டர் ஆன்லைன்ல கிடைக்கும், படகுக்கும் புல்வெட்டி மெஷினுக்கும் போடறது. வயரை பிளக் கேபிள் மேல நாலைஞ்சு சுத்து சுத்தி கேபிள் டை போட்டுடு. செட்டிங்ல ஒரு சுத்துக்கு ஒரு ஸ்பார்க்னு வை. இந்த மாதிரி நாலு ஸ்ட்ரோக் ஒத்தை சிலிண்டர் பலதும் எக்ஸாஸ்ட் நேரத்துலயும் ஒரு ஸ்பார்க் வீணா விடும். ரெண்டு சுத்துக்கு ஒண்ணுன்னு வச்சா இரட்டிப்பாக் காட்டும். ஐட்லிங்ல 1600 பக்கம் காட்டினா சரி. 3200 காட்டினா செட்டிங் தப்பு.

வேகத்துக்கு வண்டி மீட்டரை நம்பாதே, போன் ஜிபிஎஸ் வை. எஞ்சினும் பெல்ட்டும் பத்து நிமிஷமாவது சூடேறட்டும். ஒரே ஏற்றம், ஒரே ஆள், ஒரே பாரம். இதுல எது மாறினாலும் எண்ணை ஒப்பிட முடியாது.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 3, மதியம் 1.40

அதுக்கும் முன்னாடி கவரைக் கழட்டிப் பாருங்க தம்பி. 13 கிராம்னு சொல்றது புதுசுல. தேஞ்ச ரோலரும் தேஞ்ச பெல்ட்டும் வச்சுக்கிட்டு எடை மாத்தினா, கோளாறு அப்படியே இருக்கும், மேல புதுசா ஒண்ணு சேரும். பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?

பீடோர்_155
மார்ச் 3, இரவு 8.55

வாங்கினதுல இருந்து மாத்தல அக்கா. 31,000.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 3, இரவு 9.02

சரியாப் போச்சு.

பழைய_ஈகோ
மார்ச் 3, இரவு 9.03

பெல்ட்டுக்கு ஈபிஎஃப் எடுக்கற வயசு.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 3, இரவு 9.30

இந்த வகை வண்டிகளுக்குப் பெல்ட் 20,000-ல இருந்து 25,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தறதுதான். உங்க புத்தகத்துல இருக்கற எண்ணைப் பாருங்க. பாரம் ஏத்தி செம்மண்ல ஓடற வண்டின்னா அதுக்கும் முன்னாடியே. கழட்டினதும் பாக்க வேண்டியது:

பெல்ட் அகலத்தைக் கேலிப்பர்ல அளந்து புத்தகத்து எல்லையோட ஒப்பிடுங்க. பின்னோக்கி வளைச்சு, பல்லுக்கு நடுவுல கீறல் இருக்கான்னு பாருங்க. ஓரம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா வழுக்கியிருக்கு.

ரோலர் ஒவ்வொண்ணையும் விரல்ல உருட்டுங்க. தட்டையாத் தேஞ்ச இடம் வந்ததும் டக்குனு நிக்கும். ஆறுல ஒண்ணு தட்டையானாலும் மொத்த செட்டும் போச்சு. ரோலர் ஓடற பள்ளத்துல விரல் நகத்தை மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் எங்கயாவது தட்டுதா? அந்த இடத்துலதான் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துல முக்கிட்டு, அப்புறம் திடீர்னு தாவும். அந்தப் பள்ளத்துல எத்தனை கிராம் போட்டாலும் அதேதான் நடக்கும், வேரியேட்டரையே மாத்தணும்.

வேரியேட்டரோட பின் தட்டுல மூணு பிளாஸ்டிக் ஸ்லைடர் இருக்கும், வெலை கம்மிதான். ஐட்லிங்ல கடகடன்னு சத்தம் வந்தா முதல் சந்தேகம் அதுமேல வைங்க.

கவருக்குள்ள இருக்கற ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் பாருங்க. செம்மண் தூசி அடைச்சா உள்ளே சூடு ஏறும், பெல்ட் ஆயுசு பாதியாயிடும். தோட்டத்து வண்டிக்காரங்க இதைக் கவனிக்கறதே இல்ல.

மூணாங்கட்டை
மார்ச் 4, இரவு 10.40

கழட்டறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. இங்கதான் ஆளுங்க காசை விடறாங்க.

முன் நட்டைக் கழட்டறப்ப புல்லி சுத்தாம இருக்க, ஃபேன் இறக்கைக்கு நடுவுல ஸ்குரூ டிரைவரைச் செருகறாங்க. இறக்கை உடையும். ஒண்ணு உடைஞ்சாலும் புல்லி பேலன்ஸ் போச்சு, வண்டி அதிரும். புல்லி பிடிக்கற கருவி வாங்கு, இல்ல இம்பேக்ட் கன் இருக்கற கடையில நட்டை மட்டும் தளர்த்திக் கேளு. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடு, ஷாஃப்ட் மரை நட்டுக்கு வெளியே எவ்வளவு நிக்குதுன்னு தெரியற மாதிரி. அந்தப் போட்டோ பின்னால வேணும்.

வேரியேட்டரைத் திரும்ப ஏத்தறப்ப பின் தட்டைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஷாஃப்ட்ல தள்ளு. விட்டா தட்டு பின்னால வரும், ரோலர் பள்ளத்தை விட்டு விழுந்து குறுக்கே நிக்கும். வெளியே இருந்து தெரியாது. ஸ்டார்ட் பண்ணினதும்தான் சத்தம் போடும்.

அடுத்தது பெல்ட். பின் புல்லியோட ரெண்டு தட்டையும் கையால விரிச்சு, பெல்ட்டை நல்லா உள்ளே இறக்கணும். அப்பதான் முன்னால பெல்ட் தளர்வாத் தொங்கும். இதைச் செய்யாம முன் தட்டை ஏத்தினா பெல்ட் ஓரம் புஷ்ஷுக்கும் (ஷாஃப்ட் மேல இருக்கற குழாய்) தட்டுக்கும் நடுவுல மாட்டிக்கும். நட்டை இறுக்கினா ஸ்பேனர் டக்குனு சொல்லும், இறுக்கம் சரின்னு நினைச்சுடுவே. நட்டு இறுகினது பெல்ட் மேல. கொஞ்ச தூரம் ஓடினதும் பெல்ட் இறங்கும், நட்டு லூசாகும், தட்டோட உள் பல்லும் ஷாஃப்ட் பல்லும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ஷாஃப்ட் பல்லு போனா கிராங்க் மாத்தணும், எஞ்சினையே பிரிக்கணும். அந்தப் போட்டோ இதுக்குத்தான். மரை முன்ன மாதிரியே வெளியே வரலன்னா இறுக்கறதை நிறுத்திக் கழட்டிப் பாரு. கடைசி இறுக்கம் புத்தகத்து டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு.

எல்லாம் முடிஞ்சதும் நடு ஸ்டாண்ட்ல போட்டு மெதுவா திராட்டல் குடு, பெல்ட் ஏறி உக்காரட்டும். தட்டு மேல எண்ணெய்க் கை வைக்காதே. பிரேக் கிளீனர்ல துடைச்சு காய விடு. ரோலர் பள்ளத்துல கிரீஸ் வைக்கணுமாங்கறது வண்டிக்கு வண்டி வேற. கிரீஸ் வச்சு ரப்பர் சீல் போட்டு மூடின வகையும் உண்டு, காய்ஞ்சே ஓடற வகையும் உண்டு. காய்ஞ்சு ஓடறதுக்குள்ள கிரீஸ் வச்சா தூசியோட சேர்ந்து பசையாயிடும், ரோலர் உருளாம வழுக்கித் தட்டையாகும்.

பீடோர்_155
மார்ச் 8, மாலை 6.18

கழட்டியாச்சு. ரோலர் மூணு தட்டை. நகைத் தராசுல நிறுத்தேன், 12.3-ல இருந்து 12.8 வரைக்கும் இருக்கு. பெல்ட் அகலம் எல்லைக்குக் கீழே. பள்ளத்துல நகம் தட்டல. புது பெல்ட், புது ஸ்லைடர், புது 13 கிராம் போட்டாச்சு. டேக்கோமீட்டர் வச்சு அதே ஏற்றம், ஆளும் 30 கிலோவும். 6500-ல நிக்குது, ஜிபிஎஸ்ல 34. முன்னைக்கு இப்ப பரவாயில்ல, இன்னும் பத்தல.

பழைய_ஈகோ
மார்ச் 8, மாலை 6.40

தேஞ்ச ரோலர் எடை குறைஞ்சிருக்கு. அப்ப முன்னாடி நல்லா இழுத்திருக்கணுமே?

மூணாங்கட்டை
மார்ச் 8, இரவு 9.50

நல்ல கேள்வி. எடை அரை கிராம் குறைஞ்சது உண்மை. ஆனா தட்டையான ரோலர் உருளாது, ஒரே இடத்துல உக்காந்துடும். ஏற்றத்துல வேகம் குறையறப்ப அது உள்ளே திரும்பி வந்தாத்தான் கியர் இறங்கும். வரல, அதனால கியர் இறங்கல. கூடவே பெல்ட் வழுக்கல் வேற.

இப்ப கணக்குக்கு வருவோம். ரோலர் தள்ளற விசை எடையோட நேரா கூடும், ஆர்பிஎம்மோட இருபடியா கூடும். அதனால அதே விசை வேணும்னா, புது ஆர்பிஎம் = பழைய ஆர்பிஎம் × வர்க்கமூலம் (பழைய எடை ÷ புது எடை).

உன் 6500-ல இருந்து:
12 கிராம் போட்டா 6765.
11 போட்டா 7065.
10 போட்டா 7410.
கடைக்காரர் சொன்ன 9 போட்டா 7810.

இந்த எஞ்சின் 8000-ல உச்ச பவர், டார்க் உச்சம் 6000 பக்கம், விவிஏ (வால்வு திறப்பை மாத்தற அமைப்பு) மாறறதும் 6000-ல. ஏற்றத்துக்கு 7200 பக்கம் நின்னாப் போதும். திருப்பிக் கணக்குப் போடு: 13 × (6500 ÷ 7200)². 10.6 வரும்.

10.5 செட் கிடைக்கலன்னா 10 மூணு, 11 மூணு வாங்கி ஒண்ணு விட்டு ஒண்ணா வை. சராசரி 10.5, கணக்குப்படி 7230 வரும். ஒரே எடை மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சா தட்டு சாய்ஞ்சு தள்ளும், புஷ் கோணலாத் தேயும்.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 9, காலை 6.55

மூணாங்கட்டை அண்ணன் கணக்கு சரிதான், ஆனா அது தொடக்கம் மட்டும். பின் புல்லியில இருக்கற சாய்ஞ்ச பள்ளம், டார்க் கேம், எஞ்சின் இழுக்கற அளவுக்கு ஏத்த மாதிரி பெல்ட்டை எதிர்த்து அமுக்கும். பனிவண்டிக்காரங்க ஹெலிக்ஸ்னு சொல்றாங்களே, அதேதான். ஆர்பிஎம் மாறினா டார்க்கும் மாறும், எதிர் விசையும் மாறும். அதனால எதிர் விசை மாறலன்னு வச்சுப் போட்ட கணக்கு நூறு நூத்தம்பது ஆர்பிஎம் முன்னே பின்னே வரலாம். வண்டியில வர்ற எண்தான் கடைசி.

மூணாங்கட்டை
மார்ச் 9, மதியம் 12.30

ஒத்துக்கறேன். பனிவண்டியிலயும் ஒரு கைக்கு ஒரு கிராம்னா இத்தனை ஆர்பிஎம்னு ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க, அப்புறம் ஓட்டித்தான் பாக்கறாங்க. ஸ்கி-டூ பனிவண்டியோட டிஆர்ஏ கிளட்ச்ல வெளியே இருந்தே திருப்பற கிளிக்கர் உண்டு, ஒரு படிக்கு 200 பக்கம். நமக்கு அந்த வசதி இல்ல, ஒவ்வொரு தடவையும் கவரைக் கழட்டணும்.

ஆறும் சேர்த்து நிறு தம்பி. 10-ம் 11-ம் கலந்தா மொத்தம் 63 கிராம் வரணும். வெலை கம்மியான செட்ல பெட்டி மேல ஒரு எண், தராசுல வேற எண்.

பழைய_ஈகோ
மார்ச் 9, மதியம் 12.52

ரோலரை இலேசாக்கினா டாப் ஸ்பீடு போகும். இது எல்லாருக்கும் தெரியும். ஈப்போ ஹைவேயில லாரி முந்திக்கிட்டுப் போகும், ரெடியா இரு.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 9, இரவு 8.20

எல்லாருக்கும் தெரிஞ்சதுல பாதிதான் சரி. கடைசி கியர் விகிதத்தை முடிவு பண்றது புல்லி அளவும் பெல்ட்டும், ரோலர் எடை இல்ல. ரோலர் பள்ளத்தோட கடைசி வரைக்கும் ஏறிட்டா 13-லயும் 10.5-லயும் விகிதம் ஒண்ணுதான். ரொம்ப இலேசா இருந்து, எஞ்சின் கட்-ஆஃப் (ஆர்பிஎம் உச்ச வரம்பு) வர்றதுக்குள்ள கடைசி வரைக்கும் ஏறலன்னாத்தான் வேகம் குறையும்.

தெரிஞ்சுக்க மார்க்கர் பேனா போதும். முன் தட்டோட முகத்துல, நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் மூணு நாலு கோடு போடுங்க. மூடி, சமதரையில முழு திராட்டல்ல ஓட்டிட்டு வந்து பிரிங்க. பெல்ட் ஏறின இடம் வரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். முதல்ல 13-ல ஒரு தடவை பாத்துக்குங்க, அதான் அளவுகோல். 10.5-லயும் அதே உயரத்துக்கு அழிஞ்சா ஒண்ணும் இழக்கல. கூடுதலா விளிம்புல கோடு மிச்சம் இருந்தா அந்த அளவுக்கு மேல் விகிதம் கிடைக்கல.

சில வண்டியில இலேசானதும் டாப் ஸ்பீடு கூடவும் செய்யும். கனமான ரோலர் எஞ்சினை பவர் இல்லாத ஆர்பிஎம்முக்கு இழுத்துட்டுப் போய் நிறுத்தியிருக்கும், அதான் காரணம்.

ஹைவேயில நிச்சயமா நஷ்டம் பெட்ரோல்லதான். ஒரே வேகத்துக்கு ஆர்பிஎம் கூடினா ரோன்95 கூடுதலாத்தான் குடிக்கும்.

பீடோர்_155
மார்ச் 10, காலை 11.05

பின் ஸ்பிரிங்கையும் சேத்து மாத்தலாமா? 1000, 1500, 2000 ஆர்பிஎம்னு விக்கறாங்க. 2000 போட்டா 2000 ஆர்பிஎம் கூடுமா?

மூணாங்கட்டை
மார்ச் 10, இரவு 10.15

கூடாது. அது கடினத்துக்கு வச்ச பேரு, டேக்கோமீட்டர் எண் இல்ல. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது என்ன செஞ்சதுன்னு தெரியாது. முதல்ல ரோலரை முடி.

ஸ்பிரிங் கடினமானாலும் ஆர்பிஎம் கூடும். ஆனா அதோட தனி வேலை, திராட்டலை விட்டுத் திரும்ப முறுக்கறப்ப கியர் சட்டுனு இறங்க வைக்கறது. ரிங்லெட் ரோட்டு வளைவுல மூடித் திறக்கறவங்களுக்கு அது வேணும். தோட்டத்து நேர் ஏற்றத்துக்கு ரோலரே போதும். விலை என்னன்னா, பெல்ட் மேல எப்பவும் கூடுதல் அழுத்தம், கூடுதல் சூடு, சீக்கிரம் தேய்மானம். போடறதா இருந்தா 1000-த்தோட நில்லு, ரோலரை அரை கிராம் கனமாக்கு. 1500 போட்டு 9 கிராமும் போட்டா சமதரையில 60-ல போறப்பவே எஞ்சின் கத்திக்கிட்டே இருக்கும்.

பழைய_ஈகோ
மார்ச் 10, இரவு 10.33

ஸ்டார்ட்ல வண்டி குதிரை மாதிரி நடுங்குது. அதுக்கு எத்தனை கிராம்?

மூணாங்கட்டை
மார்ச் 10, இரவு 10.41

பூஜ்யம். நடுக்கம் கிளட்ச் ஷூவோடது. மேல பளபளப்பு ஏறியிருக்கும். 100-ம் நம்பர் எமரித் தாள்ல குறுக்கால தேச்சு, ஹவுசிங் உள் பக்கத்தையும் தேச்சு, பிரேக் கிளீனர்ல துடை. ஹவுசிங் நீலம் பூத்திருந்தா கிளட்ச் வழுக்கிச் சூடேறியிருக்கு, மாத்தறதுதான் நல்லது. தூசியை ஏர் கன்ல ஊதறப்ப மாஸ்க் போடு.

ரிங்லெட்_ரோடு
மார்ச் 12, மாலை 5.10

கேமரன் மலை மேலே போறவங்களுக்கு ஒண்ணு. தானா ராத்தா 1,440 மீட்டர் பக்கம். ஆயிரம் அடிக்கு எஞ்சின் பவர் ஏறத்தாழ 3 சதவீதம் போகும், அப்ப அங்க 14 சதவீதம் போயிடும். இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரி பண்ணும், இல்லாத காத்தைக் கொண்டு வராது. கீழே 7200-ல நின்ன வண்டி மேலே அதே ரோலர்ல அதைவிடக் குறைஞ்ச ஆர்பிஎம்லதான் நிக்கும். அதனாலதான் பனிவண்டிக்காரங்க கடல் மட்டத்துக்கு ஒரு எடையும் மலைக்கு அதைவிடக் குறைஞ்ச எடையும் வச்சிருக்காங்க. மலை மேல பிரின்சாங்லயே ஓடற வண்டின்னா இன்னும் அரை கிராம் குறைங்க. மாசத்துக்கு ஒரு தடவை காய்கறி வாங்கப் போறதுக்கு இதுக்காகக் கவரைக் கழட்ட வேண்டாம்.

இறங்கறப்ப: திராட்டலை மூடி ரொம்ப மெதுவா விட்டா ஒரு கட்டத்துல கிளட்ச் விட்டுடும், எஞ்சின் பிரேக் போயிடும், வண்டி இழுத்துட்டு ஓடும். அந்த நேரம் திராட்டலைத் துளி திறந்தா கிளட்ச் திரும்பப் பிடிக்கும், அப்புறம் மூடுங்க. இலேசான ரோலர்ல பெல்ட் கொஞ்சம் கீழ் கியர்லயே நிக்கும், எஞ்சின் பிடிப்பும் கொஞ்சம் கூடும்.

பீடோர்_155
மார்ச் 15, இரவு 8.48

10-ம் 11-ம் மாத்தி மாத்தி வச்சேன். மொத்தம் 62.8. அதே ஏற்றம், அதே ஆள், 30 கிலோ. 7100-ல நிக்குது, ஜிபிஎஸ்ல 41. சமதரையில மார்க்கர் கோடு 13-ல அழிஞ்ச இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வரைக்கும் அழிஞ்சிருக்கு. ஆள் இல்லாம தனியாப் போறப்பதான் கொஞ்சம் கத்தற மாதிரி இருக்கு.

மூணாங்கட்டை
மார்ச் 15, இரவு 9.20

அதோட விடு. 10-க்கு இறங்காதே. பாதி நேரம் தனியாத்தான் ஓட்டுவேன்னா 11 ஆறும் போட்டுப் பாரு, ஏற்றத்துல 200 பக்கம் குறையும், கத்தலும் குறையும்.

500 கிலோமீட்டர் கழிச்சு ஒரு தடவை திற. புது பெல்ட் கொஞ்சம் உக்காந்திருக்கும். ரோலரை உருட்டிப் பாரு, நட்டு டார்க் பாரு, ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தட்டி ஊது. புது 13 கிராம் செட்டைத் தூக்கிப் போடாதே, எடையை எழுதி ஒட்டி வை. வண்டியை விக்கறப்ப அதையே மாட்டிக் குடு.

பழைய_ஈகோ
மார்ச் 15, இரவு 9.44

என் ஈகோ 115-க்கு இதே 10.5 செட் போடலாமா?

மூணாங்கட்டை
மார்ச் 15, இரவு 9.51

உள்ளயே போகாது. அது 15 × 12 அளவு, 155-க்கு 20 × 15. முதல்ல அளவு, அப்புறம் எடை. கழட்டி எடை போட்டு, ஆர்பிஎம் பாத்து, தனி இழை போடு.